செடி வச்சா பட்டுப்போகுதா? கைராசி காரணமில்லை! திருத்தணி வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் வீட்டுப் பொழுதுபோக்குகள்

மே மாதம் வந்துவிட்டால் செய்தி டெஸ்க்கில் இருக்கும் எங்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடம் ஆகிவிடும். "இன்று சதமடித்த வெயில்" என்று தலைப்பு போட்டு ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதுவோம். வேலூர், கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம், திருத்தணி. பட்டியலில் மற்ற ஊர்கள் மாறலாம், திருத்தணி பெரும்பாலும் மாறாது.

அப்படி ஒரு மதியம் அந்தப் பட்டியலை டைப் செய்துகொண்டிருந்தபோது திருத்தணியில் இருந்து அம்மா போன் செய்தாங்க. "மாடியில வச்ச எட்டுப் பையும் போச்சுடி. எனக்குச் செடி ராசியே இல்ல. எல்லாத்தையும் தூக்கிக் கடாசிடப் போறேன்."

நான் டைப் செய்த செய்தியும் அம்மா சொன்ன செய்தியும் ஒன்றுதான். வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறது, தக்காளிச் செடி கருகியிருக்கிறது. ஆனால் பழியை மட்டும் அம்மா தன் கை மேல் போட்டுக்கொண்டாங்க.

செடி வளர்ப்பது, காகிதத்தில் ஏதாவது செய்வது என்று ஆசையாக ஆரம்பித்து, ரெண்டே மாதத்தில் விட்டுவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராது" என்று முடிவு கட்டியவர்கள் நிறைய பேர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரை அவருக்குத்தான்.

ஏன் பாதியில் நின்றுபோகிறது?

முதல் காரணம், மாதம். பள்ளிக்கு லீவு விட்டாச்சு, பொழுது போகவில்லை என்று நம்மில் பலர் இந்த வேலைகளைத் தொடங்குவது ஏப்ரல், மே மாதங்களில்தான். வட தமிழகத்தில் காய்கறிச் செடி வைக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். இது செடியின் இயல்பு. மே மாதத் திருத்தணியில் தக்காளி காய்க்கவில்லை என்றால் செடி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது காரணம், அளவு. எடுத்த எடுப்பில் எட்டுப் பை, இருபது வகை விதை. காகித வேலை என்றால் கலர் பேப்பர், பசைத் துப்பாக்கி, கத்தரிக்கோலில் நாலு வகை. ஆர்வம் ஒரு வாரம் ஓடும். பிறகு சமையல், ஆபீஸ், டியூஷன் என்று வீட்டு வேலைகள் வரிசையாக வந்து நிற்கும்.

மூன்றாவது, வீடியோ. முப்பது விநாடியில் விதை முளைத்துப் பழம் பறிக்கிறார்கள். நம்ம வீட்டு வெண்டையோ முதல் காய் தர 45 நாள் எடுத்துக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்த்து நாம்தான் தோற்றுப்போனதாக நினைக்கிறோம்.

நான்காவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்ற கேள்வி. மதியம் அரைமணி நேரம் ஒரு பெண் உட்கார்ந்து காகிதம் மடித்தால் வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். ரிட்டயரான அப்பாக்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. கேட்டவர் மறந்துவிடுவார், கேட்டுக்கொண்டவர் அந்த வேலையை நிறுத்திவிடுவார்.

மனசுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. நெதர்லாந்தில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேரை 30 நிமிடம் தோட்ட வேலைக்கும், மீதிப் பேரை உள்ளே உட்கார்ந்து படிக்கவும் அனுப்பினார்கள். அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன் இரு தரப்புக்குமே குறைந்தது. தோட்ட வேலை செய்தவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் களிமண், பேனா, காகித ஒட்டுவேலை என்று விருப்பப்படி ஏதாவது செய்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்டிசால் குறைந்தது. முன் அனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நன்றாகச் செய்யத் தெரிந்தால்தான் பலன் என்று இல்லை, செய்தாலே போதும் என்பதுதான் இதில் நமக்கான செய்தி.

ஆனால் இரண்டும் சிறிய ஆய்வுகள். செடி வளர்ப்பதும் காகிதம் மடிப்பதும் சிகிச்சை ஆகாது. ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால்தான் தணிகை என்று பெயர் வந்ததாகத் தல வரலாறு சொல்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு நாமும் கொஞ்சம் தணிந்து உட்காரலாம், தப்பில்லை.

காலையில் செடி, மதியம் காகிதம்

வெயில் ஊருக்கு என்று ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. காலை 7 மணிக்கு முன்னால் மாடி நம்முடையது. பிறகு மாலை 5 மணி வரை அது சூரியனுடையது. அதனால் செடி வேலையைக் காலையில் 15 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மதியம் வெளியே தலை காட்ட முடியாத நேரத்தில் ஃபேனுக்குக் கீழே காகிதம். (ஃபேனை ஒன்றில் வையுங்கள், இல்லையென்றால் மடித்ததெல்லாம் பறக்கும்.)

வருடத்துக்கும் இதே கணக்குதான். செடிக்கு ஒரு காலம், காகிதத்துக்கு ஒரு காலம். இதை மாற்றிச் செய்ததுதான் அம்மாவின் எட்டுப் பையும் போனதற்குக் காரணம்.

ஒரு நாளைக்கு ஒரு தாள்

திருத்தணி மலைக்கு 365 படி. ஆண்டின் நாட்களைக் குறிப்பவை என்று சொல்வார்கள். மளிகைக் கடையில் பொங்கலுக்கு முன்னால் கொடுக்கும் தினசரி காலண்டரிலும் அதே 365 தாள். தினமும் காலையில் கிழித்து, ராசிபலன் பார்த்து, கசக்கிப் போடுகிறோமே, அந்தத் தாளில் இருந்தே ஆரம்பிக்கலாம். காசு செலவே இல்லை.

ஜப்பானியர்களின் ஓரிகாமி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நமக்கும் காகித மடிப்பு புதுசு கிடையாது. மலையில் இருந்து இறங்கும்போது கையில் இருக்கும் விபூதிப் பொட்டலம் ஒரு மடிப்புக் கலைதான். பசை இல்லை, நூல் இல்லை, ஆனால் ஒரு சிட்டிகை கூடக் கொட்டாது. மளிகைக் கடை அண்ணாச்சி கண் பார்க்காமலேயே மடிக்கும் பொட்டலம், கடலை வண்டிக்காரர் சுருட்டும் கூம்பு, மழைக்குக் கத்திக் கப்பல் எல்லாம் அதே குடும்பம்.

முதல் வாரத்துக்கு இதுவே போதும்:

* முதல் நாள்: தாளின் ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடித்து, மிச்சத்தைக் கிழித்துச் சதுரமாக்குவது.
* இரண்டாம், மூன்றாம் நாள்: விபூதிப் பொட்டலம். வீட்டுப் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.
* நான்காம், ஐந்தாம் நாள்: சின்ன உறை. பிற்பாடு விதை போட்டு வைக்க இதுதான் பயன்படும்.
* ஆறாம், ஏழாம் நாள்: மூடி இல்லாத சின்னப் பெட்டி. ஊக்கு, பொட்டு, மருந்து மாத்திரை வைக்கலாம்.

மடிப்பு நேராக வரவில்லையா? கையைக் குறை சொல்வதற்கு முன்னால் தாளைப் பாருங்கள். ஆலையில் காகிதம் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படியும். ஒரு செய்தித்தாளை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராக, சர்ரென்று கிழியும். இன்னொரு திசையில் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிந்த திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். எதிர்த்து மடித்தால் முரண்டு பிடிக்கும்.

ஒரு கூடுதல் தகவல். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டது. மரக்கூழோடு கரும்புச் சக்கையில் இருந்தும் அங்கே காகிதம் தயாராகிறது. சாறு பிழிந்து தூக்கிப் போடும் சக்கைதான் ஒருநாள் நோட்டாகி நம் கைக்கு வருகிறது.

வெயிலே வரமாகும் வேலை ஒன்று உண்டு

பாட்டி வீட்டில் காகிதக் கூடை பார்த்திருக்கிறீர்களா? பழைய பேப்பரைக் கூழாக்கிச் செய்வது. முறம், தட்டு, கூடை என்று கிராமங்களில் நிறையச் செய்தார்கள். பிளாஸ்டிக் வந்தபிறகு குறைந்துபோனது. செய்முறை எளிது.

1. பழைய பேப்பரைச் சிறிதாகக் கிழித்து ஒரு ராத்திரி முழுக்க, முடிந்தால் ரெண்டு நாள், தண்ணீரில் ஊறவிடுங்கள். வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம், அது கரையாது.
2. ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவையுங்கள். இதுதான் பசை.
3. பேப்பரைப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து மைய அரையுங்கள். உரலில் இடித்தால் இன்னும் நல்லது. மிக்ஸி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மோட்டார் சூடாகும்.
4. ஒரு கிண்ணத்தையோ குண்டானையோ கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, கூழை விரல் தடிமனுக்கு அப்புங்கள்.
5. வெயிலில் காயவிடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் பாத்திரத்தை உருவிவிட்டு உட்புறத்தையும் காயவிடுங்கள்.

மழைக்காலத்தில் இதைச் செய்தால் காய்வதற்கு முன்னால் பூஞ்சை பிடித்து நாறிவிடும். வடகம், வற்றல் போலவே இதற்கும் சித்திரை வெயில்தான் வேண்டும். மாடியில் தக்காளியைக் கருக்கும் அதே வெயில் காகிதக் கூடையை நன்றாக இறுக்கித் தரும். மேல் முழுக்கப் பழைய காலண்டர் தாளை ஒட்டினால் அழகாகவும் இருக்கும். வெங்காயம், பூண்டு போட்டு வைக்கலாம். தண்ணீர் மட்டும் ஆகாது.

காகிதமும் செடியும் சேரும் இடம்

ஆடி பிறக்கும்போது செடி வேலைக்குப் போகலாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி சும்மா வரவில்லை. ஜூலை நடுவில் இருந்து வட மாவட்டங்களில் மாலை நேர வெப்பச்சலன மழை எட்டிப்பார்க்கும். வெயிலின் கடுமை குறையும். இளஞ்செடி வேர் பிடிக்க நேரம் கிடைக்கும்.

அதற்கு முதல் வேலை நாற்றுத் தொட்டி. அதைக் காகிதத்திலேயே செய்யலாம்.

* செய்தித்தாளின் பாதிப் பக்கத்தை நீளவாக்கில் மடித்து, ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைவான பட்டையாக்குங்கள்.
* காபி டம்ளரைச் சுற்றி அந்தப் பட்டையைச் சுருட்டுங்கள். டம்ளரின் அடிப்பக்கம் மூன்று விரல் அகலம் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும்.
* நீட்டியதை உள்பக்கமாக மடித்து அழுத்துங்கள். டம்ளரை உருவுங்கள். தொட்டி தயார். பசை தேவையில்லை.
* மண், மட்கிய எரு, தென்னைநார்க் கழிவு மூன்றையும் கலந்து நிரப்பி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ரெண்டு விதை போடுங்கள்.
* தொட்டிகளை ஒரு தட்டில் நெருக்கமாக அடுக்கி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் தெளியுங்கள்.

வெண்டை, பூசணி, வெள்ளரி போன்றவற்றுக்கு வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது. காகிதத் தொட்டியில் அந்தப் பிரச்சினை இல்லை. ரெண்டு வாரத்தில் தொட்டியோடு அப்படியே பையில் நட்டுவிடலாம், காகிதம் மண்ணில் மட்கிவிடும். ஒன்றே ஒன்றை மட்டும் கவனியுங்கள். காகித விளிம்பு மண்ணுக்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் திரி மாதிரி உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.

செய்தித்தாளை விதைக்குப் பயன்படுத்தலாம், வடைக்கு வேண்டாம். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அச்சு மை உணவில் கலக்கும் என்பதே காரணம்.

மாடிச் செடி: வெயில் ஊருக்கான ஆறு விதிகள்

1. மூணு பையில் ஆரம்பியுங்கள். ஒன்றில் கீரை, ஒன்றில் வெண்டை, ஒன்றில் செம்பருத்தி. முளைக்கீரை 25 நாளில் பறிக்க வந்துவிடும். முதல் வெற்றி சீக்கிரம் கிடைப்பது முக்கியம்.

2. தளத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். கான்கிரீட் சூடு கீழிருந்து வேரை வேகவைக்கும். ரெண்டு செங்கல் வைத்து அதன்மேல் பையை வையுங்கள். தண்ணீர் தேங்காமல் ஓடவும் இது உதவும்.

3. பங்குனி முதல் வைகாசி வரை பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டுங்கள். வலை வாங்க முடியாவிட்டால் பழைய பருத்திப் புடவை போதும்.

4. மண்ணின் மேல் காய்ந்த இலை, தேங்காய் நார், கரும்புச் சக்கை என்று எதையாவது பரப்புங்கள். இதற்குப் பெயர் மூடாக்கு. ஈரம் சட்டென்று ஆவியாகாது.

5. குழாயில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். மாடிக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் கொதித்துப்போய் இருக்கும். பக்கெட்டில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

6. மதியம் இலை வாடினால் பதறாதீர்கள். பல செடிகள் உச்சி வெயிலில் இலையைத் தொங்கப்போட்டு, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் வாடியே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் உடனே தண்ணீர் ஊற்றாமல், விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகுகிறது என்று அர்த்தம்.

ஆறாவது விதி தெரியாததுதான் நம்மில் பலருடைய "ராசி" ரகசியம். வாடுகிறதே என்ற பாசத்தில் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றி நாமே மூழ்கடித்துவிடுகிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள்.

அரசு ஏதாவது தருகிறதா?

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட் தாக்கலானது. அதைத் தொடர்ந்து தோட்டக்கலைத் துறை நகரப் பகுதிகளுக்கு மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் 225 ரூபாய்க்குக் கொடுத்தது. செடி வளர்க்கும் பைகள், தென்னைநார்க் கட்டிகள், காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. விலையும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஆதார் நகலோடு போய்க் கேளுங்கள். ஆனால் பை கையில் வந்துவிட்டது என்பதற்காக ஏப்ரலில் விதைக்காதீர்கள்!

எந்த மாதம் எதைச் செய்யலாம்?

* தை, மாசி: இதமான காலம். தக்காளி, கத்தரி, கீரை நன்றாக வரும்.
* பங்குனி, சித்திரை, வைகாசி: புதுச் செடி வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். கற்றாழை, நித்தியகல்யாணி போன்றவை தாக்குப்பிடிக்கும். இது காகிதக் கூடைக்கான காலம்.
* ஆனி: பழைய மண்ணை வெயிலில் காயவைத்து எரு கலப்பது, காகிதத் தொட்டி மடிப்பது.
* ஆடி, ஆவணி: வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி விதைக்கலாம்.
* புரட்டாசி: கொலுவுக்குக் காகிதத் தோரணம், காகிதக்கூழ் பொம்மை.
* ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழை. பையின் ஓட்டைகள் அடைபடாமல் பாருங்கள். மடித்த காகிதங்களை டப்பாவில் போட்டு மூடுங்கள், நமத்துப்போகும்.
* மார்கழி: ஆவணியில் போட்ட பூசணி பிடித்திருந்தால், கோலத்தில் வைக்க நம்ம வீட்டுப் பூவே இருக்கும்.

பிள்ளைகளை எப்படி இழுப்பது?

போனைப் பிடுங்கிவிட்டு "போய்ப் பேப்பர் மடி" என்றால் அது தண்டனை. பக்கத்தில் உட்கார்ந்து நாம் மடித்தால் தானாக வருவார்கள்.

செப்டம்பர் 5 ஒரு நல்ல வாய்ப்பு. அன்று நாடு முழுக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு வாழ்த்து அட்டை செய்து கொடுப்பார்கள். யாருடைய பிறந்தநாள் அது? 1888-இல் இதே திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுடையது. அவர் குடியரசுத் தலைவரான 1962-இல் இருந்து அது ஆசிரியர் தினம். கடையில் அட்டை வாங்கிக் கொடுக்காமல், ஊர்ப் பெருமைக்காகவாவது ஒரு அட்டையை வீட்டிலேயே செய்யச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆசிரியர்கள் பத்திரமாக எடுத்துவைப்பது அந்தக் கோணல் அட்டையைத்தான்.

இதையே தொழிலாக்க முடியுமா?

நிதானமாக யோசிக்க வேண்டிய கேள்வி. திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். வீட்டில் இருந்தபடி செய்யும் கைவேலை என்பது இந்தப் பகுதிக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. எத்தனை கெஜம், எத்தனை சேலை என்று கணக்குக் கேட்கும் வேலை அது. பொழுதுபோக்கின் சுகமே யாரும் கணக்குக் கேட்பதில்லை என்பதுதான். விற்க ஆரம்பித்த அன்றைக்குக் கணக்கும் கூடவே வரும்.

இருந்தாலும் வாய்ப்பு உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதனால் காகிதப் பைக்குத் தேவை இருக்கிறது. நாற்று, விதை விற்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் தெரிந்தவர்களுக்குச் சிறிய அளவில் கொடுத்துப் பாருங்கள்.

ஆனால் "வீட்டில் இருந்தே பேப்பர் கவர் செய்து மாதம் 30 ஆயிரம் சம்பாதிக்கலாம், மெஷினுக்கு முன்பணம் கட்டுங்கள்" என்று போனில் விளம்பரம் வந்தால் உஷார். பதிவுக் கட்டணம், டெபாசிட், மூலப்பொருள் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அனுப்பாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும், நீங்கள் அவருக்கு அல்ல. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சில கேள்விகள், நேரடி பதில்கள்

*வாடகை வீடு, மாடிக்கு அனுமதி இல்லை. என்ன செய்வது?*
காலை வெயில் விழும் ஜன்னல் இருந்தால் புதினா, வெந்தயக்கீரை போதும். அதுவும் இல்லையென்றால் காகிதம் இருக்கிறதே.

*மாடிக்குப் பாரம் தாங்குமா?*
பைகளை நடுவில் குவிக்காமல், சுவரும் உத்திரமும் வரும் ஓரங்களில் பரவலாக வையுங்கள். மழைநீர்க் குழாய் வாயை அடைக்கக் கூடாது. பழைய கட்டடம், ஏற்கெனவே ஒழுகுகிறது என்றால் கொத்தனாரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

*கை நடுக்கம் உள்ள பெரியவர்களால் முடியுமா?*
கத்தரிக்கோல் இல்லாத வேலையைக் கொடுங்கள். காகிதக் கூழ் அப்புவது, விதை உறையில் பெயர் எழுதுவது, கீரை விதை தூவுவது. "தாத்தா போட்ட கீரை" என்று சாப்பிடும்போது சொல்லவும் மறக்காதீர்கள்.

*ஒருநாள் விட்டுப்போனால்?*
மறுநாள் இரண்டு தாளாகக் கிழிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக...

அம்மா எட்டுப் பையையும் கடாசவில்லை. ஐந்தை மடித்துப் பரணில் போட்டாங்க. மூன்றை வைத்துக்கொண்டு ஆடி வரைக்கும் காத்திருந்தாங்க. அதுவரைக்கும் மதியத்தில் காலண்டர் தாளில் உறை மடித்தாங்க. "உனக்கு வேற வேலை இல்லையா" என்று அப்பா ஒருமுறை கேட்டாராம். "இருக்கு, இது முடிஞ்சதும் பண்றேன்" என்று பதில் வந்ததாம். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடிப் பூவாக இருந்த நேரத்தில் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் வெண்டை முழங்கால் உயரம்கூட இல்லை. செம்பருத்தியில் ஒரே ஒரு மொட்டு. அதை எனக்குக் காட்டத்தான் மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாங்க.

கைராசி பற்றி அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது ஒரு காலண்டர் தாள் உறையைக் கையில் கொடுத்தாங்க. உள்ளே கொஞ்சம் கீரை விதை. மேலே பேனாவில் எழுதியிருந்தது: "மே மாசம் போடாதே."